ஏழாம் மிதவையின் ஐந்து எண்கள்

தோ மி-ரானுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் நான்கு விநாடி.

மி-ரான் எழுதிய ப்ரோக்ராம் காலை ரிப்போர்ட்டைத் தயாரிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு ஓடவிட்டு, காப்பி கலந்து, ஜன்னலோரம் நின்று துறைமுகத்தைப் பார்த்தபடி குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது பாதிதான் முடித்திருக்கும். மார்ச் மாதம் சியோலிலிருந்து வேலைக்கு வந்த நாம்குங் சே-ரின் அதே ரிப்போர்ட்டை நான்கு விநாடியில் எடுத்துக் காட்டினாள். கம்பெனித் தலைவர் ஓக் நம்பவில்லை. "இன்னொரு தடவை ஓட்டும்மா" என்று ஏழு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஏழாவது தடவை எல்லாரும் கைதட்டினார்கள். மி-ரானும் தட்டினாள். கை தட்டியது, வயிறு எரிந்தது.

தோங்யோங் துறைமுகத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி அது. கடலில் அவர்களுக்கு இருபத்தாறு மிதவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பி தொங்கும். அதில் இரண்டு, ஐந்து, பத்து, பதினைந்து, இருபது மீட்டர் ஆழங்களில் ஐந்து சென்சார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து ஆழத்தின் சூடும் கரைக்கு வந்து சேரும். தினமும் காலை பதினோரு மணிக்கு மோங்கே வளர்ப்பவர்களின் போனுக்கு ரிப்போர்ட் போகும்: இன்றைக்குக் கயிற்றை எந்த ஆழத்தில் தொங்கவிட்டால் நல்லது என்று. மோங்கே கயிற்றில் கொத்துக் கொத்தாகப் பிடித்து வளரும் சிவப்புக் கடல் பிராணி. தொட்டுப் பார்த்தால் முரடு, உள்ளுக்குள் மகா சொகுசு. மேலே இரை அதிகம்; ஆனால் தண்ணீர் இருபத்துநாலு டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். இரண்டு வருடம் வளர்த்தது ஒரே வாரத்தில் குழைந்து உதிர்ந்துவிடும். ஆகஸ்ட் மாதத்தில் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஊரில் ஒருவரும் கயிற்றில் கைவைக்க மாட்டார்கள்.

சே-ரின் செய்த வித்தை பெரிய வித்தை ஒன்றுமில்லை. மிதவையிலிருந்து வரும் ஐந்து எண்களும் அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் வரிசையாக அடங்கி நிற்கும். மி-ரான் அந்தக் கட்டங்களைப் பிரித்து, ஐந்து எண்ணை ஐந்து வரியாகக் கொட்டி, அப்புறம் கணக்குப் போடுவாள். ஐந்து வருடத்து அளவுகளைக் கொட்டினால் மூன்று கோடி வரிக்கு மேல் வரும். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். சே-ரின் எதையும் பிரிக்கவில்லை. எண்களைக் கட்டத்துக்குள்ளேயே இருக்கவிட்டு, உள்ளே கைவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் மி-ரானுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வேதனை. இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அன்றைக்குப் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பஸ் டிரைவரின் மகள். வணிகப் பள்ளியை முடித்ததும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, படகுக்காரர்கள் போனில் சொல்லும் கடல் சூட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி எழுதிச் சலித்துப்போய், நூலகத்தில் ப்ரோக்ராம் புத்தகம் ஒன்றை எடுத்தாள். அதே புத்தகத்தைப் பதினோரு தடவை எடுத்துப் புதுப்பித்ததில் நூலகக்காரர், "இது உங்க வீட்டுலயே இருக்கட்டும், நீங்க அதைப் பாக்க வரும்போது எங்களை எட்டிப் பாருங்க" என்று கேலி செய்தார். ஓக் இந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது முதல் ஆளாகச் சேர்ந்தவள் அவள். பத்து வருடம் அந்த மாடியில் ப்ரோக்ராம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கடற்கரையில் நடந்தால் படகுக்காரர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஏழாம் மிதவைப் பக்கம் இருநூறு கயிறு போட்டிருக்கும் மா தோக்-சு அவளை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்; நடுக்கடலிலிருந்து குரல் செய்தி அனுப்புவார். அறுபத்திரண்டு வயதுக்காரர், சொந்தக்காரர்களிடமே அதிகம் பேசாதவர், அவளிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

சே-ரின் எதையும் நூலகத்தில் கெஞ்சிப் படிக்கவில்லை. உதவித்தொகையில் பல்கலைக்கழகம் போனவள். இருபத்தெட்டு வயது. அதற்காகவாவது கொஞ்சம் திமிராக இருந்து தொலைக்கக் கூடாதா? அதுவும் இல்லை. வந்த இரண்டாம் வாரம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், உங்களை அக்கான்னு கூப்பிடலாமா?"

"ஆபீஸ்ல மேடமே போதும்."

"சரி மேடம்" என்று சிரித்துக்கொண்டே போனாள். மனசில் வைத்துக்கொள்ளவும் இல்லை. அது வேறு எரிச்சல்.

மே மாதம் அவள் ஒரு யோசனை சொன்னாள். வசந்த காலத்தில் மிதவைகளை எல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். "ஒவ்வொரு கட்டத்துலயும் அஞ்சு எண்தான் இருக்கணும்னு அட்டவணைக்கு முன்னாடியே நீளத்தைக் கட்டிப் போட்டுரலாம் சார். இப்ப நாலு வந்தாலும் ஆறு வந்தாலும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்குது. நீளம் கட்டிட்டா, ஒண்ணு குறைஞ்சாலும் உள்ள விடாது, நின்னுரும்."

ஓக் மி-ரானைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"நல்லா ஓடுறதை எதுக்கு சார் நோண்டணும்? சீசன் நேரத்துல ரிப்போர்ட் நின்னா படகுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் மி-ரான். யோசனை நல்ல யோசனைதான். அவளுக்கே தெரியும். சொன்ன வாய் சே-ரினுடையது என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை. ஓக் தலையாட்டினார், பேச்சு அதோடு முடிந்தது.

ஜூலையில் குழுத் தலைவர் வேலையை விட்டுவிட்டு பூசானுக்குப் போனார். அவருடைய நாற்காலி காலியாயிற்று. ஆகஸ்ட் இரண்டாம் வெள்ளிக்கிழமை பெயரைச் சொல்வதாக ஓக் அறிவித்தார். ஒன்று மி-ரான், இல்லாவிட்டால் சே-ரின். மூன்றாவது பெயர் கிடையாது. மி-ரானுக்குச் சோறு இறங்கவில்லை. கோஜே கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். வந்தவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"காலையிலேர்ந்து அந்தப் பொண்ணு பேரை நாப்பது தடவை சொல்லிட்ட. என் பேரை ஒரு தடவை சொன்னியா?"

"உனக்கென்ன, கப்பலுக்கு ஆணி அடிக்கிறவன். உன் ஆணியை யாராவது நாலு விநாடியில அடிச்சுக் காட்டட்டும், அப்பத் தெரியும்."

"கப்பல்ல ஆணி அடிக்க மாட்டாங்கடி, வெல்டிங்" என்றான் அவன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை, காலை பத்து மணிக்கு அன்றைய ரிப்போர்ட்டின் வரைவு வழக்கம்போல் மி-ரானுக்கும் வந்தது. ஏழாம் மிதவைக்கு நேரே இப்படி இருந்தது: பத்து மீட்டரில் 22.4 டிகிரி, கயிற்றை அங்கே ஏற்றலாம். இருபது மீட்டர் சென்சார் பழுது.

மி-ரான் அந்தக் கடைசி வார்த்தையிலேயே நின்றாள். இருபது மீட்டரிலா பழுது? அந்த ஆழத்தில் வெளிச்சம் குறைவு. சென்சாரில் எதுவும் ஒட்டாது. சிப்பிகள் அடையடையாக ஒட்டிக்கொண்டு கருவியைக் கொல்வது எப்போதுமே ஐந்து மீட்டரில்தான். திங்கட்கிழமைகூட மா தோக்-சு செய்தி அனுப்பியிருந்தார்: "தங்கச்சி, அஞ்சு மீட்டர் சென்சார் சிப்பிக்குள்ள புதைஞ்சு கெடக்கு, சுரண்டணும்." மிதவையிலிருந்து வந்த மூல அளவைத் திறந்து பார்த்தாள். 27.3, வெற்றிடம், 25.1, 22.4, 20.9.

பளிச்சென்று விளங்கிவிட்டது. செத்தது ஐந்து மீட்டர் சென்சார். அந்த இடத்து வெற்றிடத்தை ப்ரோக்ராம் வழியில் எங்கேயோ தூக்கி எறிந்திருக்கிறது. ஐந்து நான்காகிவிட்டது. பின்னால் நின்ற எண்கள் எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. பதினைந்து மீட்டரின் 22.4, பத்து மீட்டரின் சூடாக வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. உண்மையில் பத்து மீட்டரில் 25.1. அங்கே மோங்கே ஆகாது. கடைசி இடம் காலியானதால் அடி சென்சார் பழுது என்று ரிப்போர்ட் பழி போட்டிருக்கிறது.

அப்போது மணி பத்தே கால். மி-ரானுக்கு இத்தனை மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. மகாராணி மாட்டிக்கொண்டாள்! நான்கு விநாடியில் தப்பு செய்திருக்கிறாள்! எந்த வரியில் பிசகு என்று அவள் தேடவில்லை. தேடுவானேன்? சே-ரினின் ப்ரோக்ராம், சே-ரினின் தப்பு.

இப்போது சொன்னால் ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். இரண்டு மணிக்கு ஓக் முன்னால் வாராந்தரக் கூட்டம். அங்கே சொன்னால்? கயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டாள். இந்த வெயிலில் மத்தியானம் எவனும் படகு எடுக்க மாட்டான், எல்லாரும் நாலு மணிக்கு மேல்தான் போவார்கள். அதற்குள் திருத்தம் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை, ஒருத்தியைத் தவிர.

பத்தரை மணிக்குச் சே-ரினே மேஜைக்கு வந்தாள்.

"மேடம், இன்னிக்கு ரிப்போர்ட் பாத்தீங்களா? ஏழாம் மிதவையில அடி சென்சார் போயிருச்சு போல. அனுப்பிரவா?"

"நீ போட்டதுல தப்பு இருக்குமா? அனுப்பு" என்றாள் மி-ரான், முகத்தை நிமிர்த்தாமலே.

பதினோரு மணிக்கு ரிப்போர்ட் போயிற்று. மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சே-ரின் தன் கிண்ணத்திலிருந்த வறுத்த நெத்திலியை மி-ரான் பக்கம் நகர்த்தினாள். "உங்களுக்குப் பிடிக்கும்ல, எடுத்துக்கங்க." மி-ரான் எடுத்துக்கொண்டாள். நன்றாக மென்று தின்றாள்.

இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றாள். மூல அளவைப் பெரிய திரையில் போட்டாள். பக்கத்திலேயே ரிப்போர்ட்டைப் போட்டாள். வெற்றிடம் எங்கே போயிற்று, எண்கள் எப்படி நகர்ந்தன என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவசரப்படவில்லை. "வேகமா ஓடுறது நல்லதுதான் சார். எங்க ஓடுதுன்னும் பாக்கணும்ல" என்று முடித்தாள். வாக்கியத்தை மத்தியானமே தயார் செய்து வைத்திருந்தாள்.

ஓக்கின் முகம் கறுத்தது. "என்னம்மா சே-ரின் இது?"

சே-ரின் வெளுத்துப்போய் எழுந்து வந்து, திரையில் ப்ரோக்ராமைத் திறந்து வேகமாகக் கீழே இறக்கினாள். ஓரிடத்தில் அவள் கை நின்றது. வெற்றிடங்களை நீக்கும் ஒற்றை வரி. ஓரத்தில், எழுதியவர் பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் இருந்தன. ஆறு வருடத்துக்கு முந்தின தேதி. தோ மி-ரான்.

மி-ரானுக்கு நினைவு வந்துவிட்டது. பழைய மிதவைகளில் ஒரு சென்சார் கெட்டாலும் ஐந்துமே வராது. வந்தால் ஐந்தும் வரும், இல்லாவிட்டால் ஐந்தும் வெற்றிடம். அந்த வெற்றுக் கட்டங்களைக் கழிக்கத்தான் அன்று அந்த வரியை எழுதினாள். புது மிதவை கெட்டதை மட்டும் வெற்றிடமாக அனுப்பும். யாரும் அந்த வரியைத் தொடவில்லை. சே-ரின் எல்லாவற்றையும் மாற்றி எழுதியவள், இதை மட்டும் மி-ரான் எழுதியது என்று நம்பி அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள். நாற்பது நிமிடப் பழைய ப்ரோக்ராம் ஓடியிருந்தாலும் இன்றைக்கு இதே தப்பைத்தான் செய்திருக்கும்.

சே-ரின் திரும்பி ஒரு தடவை மி-ரானைப் பார்த்தாள். பிறகு திரையில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள்.

"சரிபாக்காம எடுத்துட்டேன் சார். என் தப்புதான். திட்டுறதை அப்புறம் திட்டுங்க, மொதல்ல ஏழாம் மிதவைக்காரங்களுக்குப் போன் பண்ணணும்."

ஓக் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவருக்கு அந்தச் சின்ன எழுத்து தெரிந்திருக்காது. வேறு யாரும் கவனித்த மாதிரியும் இல்லை. மி-ரான் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. இவளால் எப்படி இவ்வளவு லேசாக 'என் தப்பு' என்று சொல்ல முடிகிறது? இதையும் இவள்தான் நன்றாகச் செய்ய வேண்டுமா?

ஏழாம் மிதவைப் பக்கம் மூன்று பேர்தான். இரண்டு பேர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மா தோக்-சு. சே-ரின் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். எஞ்சின் சத்தம் கேட்டது.

"ஐயா, ரிப்போர்ட் தப்பாப் போயிருச்சு. பத்து மீட்டர்ல இருபத்தஞ்சு டிகிரி. கயித்தைத் தொடாதீங்க!"

"தொட்டாச்சேம்மா! மச்சானோட கயிறு தூக்குற படகு இன்னிக்கு மத்தியானந்தான் சும்மா இருந்துச்சு. நாப்பது கயிறு ஏத்திட்டேன்."

"எறக்கிருங்க ஐயா, உடனே எறக்குங்க."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை வெயில்ல இழுத்தா தாங்குமா அது? சரி, எறக்கித்தான் ஆகணும்." யாரையோ பார்த்துக் கத்தினார், எஞ்சின் சத்தம் மாறியது. "ஆமா, யாரு இதைக் கண்டுபிடிச்சது?"

"மி-ரான் மேடந்தான் ஐயா."

"அதானே! என் தங்கச்சி கண்ணுக்குத் தப்புமா? பொழைச்சேன், இல்லேன்னா இருநூறும் போயிருக்கும். தங்கச்சி, இருக்கியா அங்க? எப்பம்மா பாத்த இதை?"

மேஜையைச் சுற்றி எல்லாரும் மி-ரானைப் பார்த்தார்கள். 'இப்பதான்' என்றால் போதும். சே-ரின்கூட அதைத்தான் எதிர்பார்த்தாள். பத்தரை மணிக்கு மி-ரான் ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். மா தோக்-சு வேறொன்றும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டார். பொய் சொல்வதற்கு அதைவிட வசதியான நேரம் அமையாது. மி-ரான் வாயைத் திறந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"காலையில... பத்தே காலுக்கு."



"நான் பன்னெண்டரைக்குத்தான் ஆரம்பிச்சேன்" என்றார் அவர்.

"அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்ணே."

"உனக்கு ஏதும் வேலை வந்துருச்சாம்மா? சொல்ல முடியாமப் போயிருச்சா?"

அவரே ஒரு காரணத்தை எடுத்து நீட்டினார். மி-ரான் அதை வாங்கவில்லை. "வேலை ஒண்ணும் வரலண்ணே. கூட்டத்துல சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். அந்தத் தப்பான வரியும் நான் எழுதினதுதான். இந்தப் பொண்ணு எழுதினது இல்ல."

போன் அணைந்துவிட்டது. சே-ரின் குனிந்து போனை எடுத்துக்கொண்டாள். மி-ரான் பக்கம் திரும்பவே இல்லை. ஓக் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "கூட்டம் முடிஞ்சுது" என்றார்.

நாற்பது கயிற்றில் பதினொன்று அந்த வாரத்துக்குள் குழைந்து உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை நாற்காலி சே-ரினுக்குப் போயிற்று. திங்கட்கிழமை மி-ரான் தன் பழைய வரியை அழித்துவிட்டு, கட்டத்தின் நீளத்தை ஐந்து என்று தன் கையாலேயே கட்டிவைத்தாள்; அதற்குள் வேண்டுமென்றே நான்கு எண்ணை ஊட்டிப் பார்த்தாள். ப்ரோக்ராம் உள்ளே விடாமல் நின்றது. இரண்டு நிமிட வேலை. மே மாதமே முடிந்திருக்கும்.

பொறாமை போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. நான்கு விநாடியை இப்போது அவள் நினைப்பதுகூட இல்லை. பொறாமை வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அவள் மேஜைப் போன் அடித்தது. பின்னால் எஞ்சின் சத்தம். மா தோக்-சு பேசினார். கோபம் ஒன்றும் இல்லை குரலில். மரியாதையாகவே கேட்டார்.

"மேடம், வணக்கம். நம்ம சே-ரின் தங்கச்சி இருக்காளா? கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

"இருக்காங்க, குடுக்கிறேன்" என்று மி-ரான் போனை நீட்டினாள்.